எஞ்சாமி பிறந்த கதை

2021 மார்ச் 7 அன்று ‘என்ஜாய் எஞ்சாமி’ யூடியூபில் வெளியானது. சில மாதங்களில் பல கோடி முறை பார்க்கப்பட்டது. பாட்டின் தலைப்பில் பாடகி தீயின் பெயர் முதலில், உடன் பாடியவராக ராப் பாடகர் அறிவின் பெயர் அடுத்து. சந்தோஷ் நாராயணன் இசை. வெளியிட்டது மாஜா நிறுவனம்.

அறிவின் ஊர் அரக்கோணம். பழைய வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்தபோது அது ராணிப்பேட்டை பக்கம் போனது. அங்கிருந்து மேற்கே போனால் மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்களாக வரும். தோலில் கைவைத்து உழைத்தவரையும், அதே தோலைப் பறையாகக் கட்டி அடித்தவரையும் தள்ளி நிறுத்திய சமூகம் இது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, 2018 ஜனவரியில் சென்னையில் அந்தப் பறையை கிதாரோடும் கானாவோடும் ராப்போடும் ஒரே மேடையில் ஏற்றியது. 19 பேர் கொண்ட அந்தக் குழுவில் அறிவும் ஒருவர்.

அறிவிடம் ஒரு கதை இருந்தது. பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964-ன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அந்தத் தோட்டங்களின் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்க வேண்டும் என்று கணக்குப் போட்டது. காட்டைத் திருத்தித் தோட்டமாக்கியவர்களுக்குச் சொந்தமாக ஒரு பிடி மண்ணும் இல்லை. அந்த வலியை ஒப்பாரியின் சாயலில் சொல்ல அறிவுக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவில் வளர்ந்த தீயிடம், ‘ரௌடி பேபி’ பாட்டு வழியாக ஊரெல்லாம் அறிந்த குரல் இருந்தது. மெட்டையும் தாளத்தையும் ஒலிப்பதிவையும் ஒன்றாக்கும் கை சந்தோஷுக்கு. மூவரில் யாரும் தனியாக இதைச் செய்திருக்க முடியாது என்றே நான் நம்புகிறேன். இன்னொருவரை அழைப்பதற்கு வியாபாரக் காரணமும் உண்டு: ஒருவரின் ரசிகர் மற்றவருக்கும் ரசிகராவார். ஆனால் தன்னிடம் இல்லாத வாழ்க்கை இன்னொருவரிடம் இருப்பதுதான் பெரிய காரணம்.

வாழ்க்கையைக் கொடுத்தவரின் பெயர் எங்கே நிற்கிறது என்பது சின்ன விஷயமில்லை. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்த பிறகு, அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. அடுத்த ஆண்டு சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் அறிவு இல்லாமலே பாட்டு மேடையேறியது. தானே எழுதி, இசைத்து, பாடியதாக அறிவு சொன்னார். இசையமைத்தது தானே என்றும், வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும் சந்தோஷ் சொன்னார். யார் எவ்வளவு என்று வெளியிலிருந்து அளக்க நமக்குக் கருவி இல்லை. ஆனால் அந்தக் கதை யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. காணொளியில் அரியணையில் அமர்ந்திருப்பது வள்ளியம்மாள்தான். பின்னாளில் அறிவு தன் ஆல்பத்துக்கு வைத்த பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’.