பர்னாந்து என்பது கொச்சையா?

1981-இல் அமெரிக்காவின் ஃப்ளீர் என்ற பபிள்கம் கம்பெனி பேஸ்பால் ஆட்டக்காரர்களின் பட அட்டைகளை வெளியிட்டது. அதுவரை அந்தச் சந்தை ஏறக்குறைய முழுவதும் டாப்ஸ் கம்பெனியின் கையில் இருந்தது. நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று கதவைத் திறந்துவிட, ஃப்ளீர் அவசர அவசரமாக உள்ளே நுழைந்தது. அந்த அவசரம் அச்சில் தெரிந்தது. நியூயார்க் யாங்கீஸ் அணியின் நெட்டில்ஸுக்கு முதல் பெயரின் முதல் எழுத்தே மாறிப்போனது. (தமிழில் எழுதினால் அந்தப் பிழை தெரியாது. சரியானதும் தப்பானதும் நமக்கு க்ரெய்க்தான்.) லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் 20 வயது மெக்ஸிகோ இளைஞன் ஒருவனுக்குப் பெயரின் கடைசி ‘ஓ’ விழுந்துவிட்டது. அட்டையில் ‘பெர்னாண்ட் வாலென்சுவேலா’ என்று இருந்தது.

இந்த அட்டைகளின் அமைப்பு எளிது. முன்புறம் படம். பின்புறம் பிறந்த ஊர், உயரம், எடை, ஆண்டுவாரியான கணக்கு. இடம் மிஞ்சினால் இரண்டு வரியில் வாழ்க்கை. 1990-களில் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத் திண்ணையில் ‘ரன் எவ்வளவு, விக்கெட் எவ்வளவு’ என்று போட்டியிட்டு ஆடிய கிரிக்கெட் ட்ரம்ப் கார்டுகளும் இதே குடும்பம்தான். ஓர் ஆளை உள்ளங்கை அளவில் சொல்லி முடிப்பதால் அதில் பெயருக்கு அநியாய முக்கியத்துவம் வந்துவிடுகிறது. பெயர் ஒருமுறை எப்படி அச்சாகிறதோ, பிறகு அதுவே ‘சரியான’ வடிவம் என்று நிலைத்துவிடும்.

அந்த இளைஞனின் முழுப்பெயர் பெர்னாண்டோ வாலென்சுவேலா. மெக்ஸிகோவின் சொனோரா மாநிலத்தில் எச்சோவாகிலா என்ற சிற்றூரில் 1960 நவம்பர் 1 அன்று 12 பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். 1981 ஏப்ரல் 9 அன்று, முதல் ஆட்டத்தில் எறிய வேண்டியவருக்குக் காயம் ஏற்பட, மாற்றாக இறங்கி ஹூஸ்டன் அணியை ஓர் ஓட்டமும் எடுக்க விடாமல் முடித்தார். முதல் 8 ஆட்டங்களில் 8 வெற்றி, அவற்றில் 5-இல் எதிரணிக்கு ஓட்டமே இல்லை. பந்தை விடுவிக்கும் முன் கண்ணை வானத்துக்கு உயர்த்துவார். அதன் பிறகு வரும் ‘ஸ்க்ரூபால்’, வழக்கமான வளைவுக்கு நேர்மாறான பக்கம் வளைந்து போகும். அந்த ஆண்டின் சிறந்த புதுமுக விருதையும், சிறந்த எறிவாளருக்கான சை யங் விருதையும் ஒரே பருவத்தில் வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். டாட்ஜர்ஸ் மைதானம் எழும்பிய சாவேஸ் ராவைன் பகுதியிலிருந்து 1950-களில் மெக்ஸிகோ வம்சாவளிக் குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்டிருந்தன. அந்த மைதானத்தை ஏறிட்டும் பார்க்காமல் இருந்த அதே மக்கள் இவருக்காகக் கூட்டம் கூட்டமாக உள்ளே வந்தார்கள். ‘பெர்னாண்டோமேனியா’ என்று பத்திரிகைகள் அதற்குப் பெயரே வைத்தன. ஊரே ஒரு முதல் பெயரைச் சொல்லிப் பைத்தியமாகத் திரிந்த ஆண்டில்தான் அந்த அட்டையில் பெயர் பாதியில் நின்றது.

இந்தப் பெயர் நமக்கு அந்நியம் இல்லை. பொதிகையில் பிறந்து, பாபநாசம், அம்பாசமுத்திரம், நெல்லை என்று வந்து, ஸ்ரீவைகுண்டம் தாண்டித் தாமிரபரணி கடலில் விழும் புன்னைக்காயலில் கேளுங்கள். தெருவுக்கு ஒரு பர்னாந்து இருப்பார். தூத்துக்குடி, மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம் என்று முத்துக்குளித்துறை முழுக்க அப்படித்தான். பர்னாந்து என்றுதான் சொல்வார்கள். பழைய பத்திரங்களிலும் கல்லறைக் கல்லிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். படித்த பேரப்பிள்ளைகள் கல்யாணப் பத்திரிகையில் அதைப் ‘பெர்னாண்டோ’ என்று திருத்துகிறார்கள். பர்னாந்து தாத்தாவின் கொச்சையாம், பெர்னாண்டோதான் செம்மையாம். இந்தக் கட்டுரை அதற்கு எதிர்வழக்கு.

பெயர் இங்கே வந்து இறங்கிய காலம் தெரிந்ததுதான். முத்துக்குளிப்பு உரிமைக்கான மோதலில் நெருக்கடிக்கு உள்ளான பரதவர்கள் கொச்சிக்குத் தூது அனுப்பிப் போர்த்துகேயரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். அதைத் தொடர்ந்து 1535 முதல் 1537 வரை ஊர் ஊராகத் திருமுழுக்கு நடந்தது. பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் வந்து சேரும்போது இங்கே ஆயிரக்கணக்கில் கிறிஸ்தவர்கள் ஏற்கனவே இருந்தார்கள். புதுப்பெயர்கள் புத்தகத்திலிருந்து வரவில்லை. திருமுழுக்குக் கொடுத்தவரின், ஞானத்தகப்பனாக நின்றவரின் வாயிலிருந்து வந்தன. தமிழ்க் காது அதைக் கேட்டது, தமிழ் நாக்கு திருப்பிச் சொன்னது. அப்படிச் சொன்னதுதான் ‘பர்னாந்து’.

காது எவ்வளவு துல்லியமாகக் கேட்டது என்பதற்கு அந்த ‘ந்து’ ஒன்றே சாட்சி. போர்த்துகேயர் த, த³ ஒலிகளை நாக்கின் நுனி பல்லைத் தொடச் சொல்வார்கள். அது நம் தகரம் பிறக்கும் அதே இடம். ஆங்கிலேயர் நாக்கு பல்லைத் தொடாது, மேலே ஈறுக்குப் போகும். நம் காதுக்கு அது டகரமாகக் கேட்கும். ஆகவே அவர்களிடம் வாங்கிய சொற்களில் த-வும், இவர்களிடம் வாங்கிய சொற்களில் ட-வும் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பார்க்கச் சட்டையைத் தொட்டாலே போதும். போர்த்துகேயர் கொடுத்தது பொத்தான், ஆங்கிலேயர் கொடுத்தது பட்டன். ஐரோப்பாவில் இரண்டும் ஒரே வேர். குளித்துவிட்டுத் துடைத்துக்கொள்வதும் அப்படியே: அவர்களுடையது துவாலை, இவர்களுடையது டவல், அங்கும் வேர் ஒன்றே. பாதிரி, ஈழத்தவர் சொல்லும் கதிரை, சப்பாத்து என்று போர்த்துகேய வரிசையில் தகரம் நிறைந்து கிடக்கிறது. டாக்டர், ரேடியோ, டிக்கெட் என்று ஆங்கில வரிசையில் டகரம். இந்த வரிசைக்கு அடங்காத ஒன்று கடுதாசி. அதில் தகரம் நிற்க, அதற்கு முன்னால் இருந்த ரகரம் டகரமாகிவிட்டது. கடுதாசிக்கும் நாம் பேசிக்கொண்டிருக்கும் ‘கார்டு’க்கும் பாட்டி ஒருத்திதான், பப்பைரஸ் தாளைக் குறித்த கிரேக்கச் சொல் அது.

இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் பொத்தானுக்குப் பட்டன் எப்படியோ, பர்னாந்துவுக்குப் பெர்னாண்டோ அப்படி. முந்தையது 16-ஆம் நூற்றாண்டில் வாயிலிருந்து காதுக்கு வந்தது. பிந்தையது ஆங்கில எழுத்தைப் பார்த்து, ஆங்கிலேயன் சொல்வதுபோல் நாக்கை மடக்கி, நாம் பிறகு செய்துகொண்டது. கடைசி உகரமும் தப்பில்லை. இன்றைய லிஸ்பன்காரரும் அந்த ‘ஓ’வை ‘உ’ என்றுதான் முடிக்கிறார். முதல் எழுத்தின் எகரத்தைக்கூட அவர் பாதி விழுங்கிவிடுவார். லிஸ்பன் தெருவில் ‘பர்னாந்து’ என்று கூப்பிட்டால் யாராவது திரும்பிப் பார்க்க வாய்ப்புண்டு. ‘பெர்னாண்டோ’ என்று தமிழ் டகரத்தை அழுத்திக் கூப்பிட்டால் சந்தேகம். ஃப ஒலி மட்டும்தான் நாம் கழித்துக்கொண்டது. அதைக் காப்பியிலும் கழித்தோம், யாரும் குறை சொல்லவில்லை.

போர்த்துகேயருக்கும் இது சொந்தச் சரக்கு அல்ல. ஐபீரியத் தீபகற்பத்தை ஆண்ட விசிகோத்துகள் கொண்டுவந்த ஜெர்மானியப் பெயர். பின்பாதிக்குத் ‘துணிவு’ என்று பொருள். முன்பாதி ‘பயணம்’ என்பார் சிலர், ‘அமைதி’ என்பார் சிலர். கடல் தாண்டி இவ்வளவு தூரம் வந்த பெயர் என்பதால் எனக்குப் பயணக் கட்சிதான் பிடிக்கிறது. அது ஆசை, ஆதாரம் அல்ல. காஸ்தில் நாட்டு அரசர்கள் பலர் இந்தப் பெயரைத் தாங்கினார்கள். 1248-இல் செவில் நகரைப் பிடித்த மூன்றாம் பெர்னாண்டோ 1671-இல் புனிதராக்கப்பட்டார். வாலென்சுவேலா ஆடிய லாஸ் ஏஞ்சலஸில் உள்ள சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கு அவர் பெயரால்தான். இன்னொரு பெர்னாண்டோ நமக்கு இன்னும் நெருக்கம். 1195-இல் லிஸ்பனில் பிறந்து, அந்தப் பெயரில் திருமுழுக்குப் பெற்று, 1220-இல் பிரான்சிஸ்கன் சபையில் சேரும்போது பெயரை மாற்றிக்கொண்டவர் புனித அந்தோனியார். நெல்லை மாவட்டத்து உவரியில் செவ்வாய்க்கிழமை தோறும் கூட்டம் கூட்டமாக மக்கள் தேடிப் போகிற அந்தோனியாரும் பிறப்பால் ஒரு பர்னாந்துதான்.

போர்த்துகேய முறையில் பெர்னாண்டோ என்பது ஆளின் பெயர். பெர்னாண்டஸ் என்றால் ‘பெர்னாண்டோவின் மகன்’. நம்முடைய ‘மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்’ போலத்தான், அவர்கள் ‘மகனார்’ என்பதை ஒரு விகுதியில் அடக்கிவிட்டார்கள். முத்துக்குளித்துறைக்கு வந்ததும் இந்த வேறுபாடு கரைந்து இரண்டும் குடும்பப் பெயர்களாயின. அதற்கு நல்ல சான்று தூத்துக்குடியின் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. 1869-இல் பிறந்து 1930-இல் மறைந்த இவர் நகராட்சித் தலைவராக இருந்தபோதுதான், உப்புத் தண்ணீரோடு தவித்த ஊருக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வந்தது, 1927-இல். ஆங்கில எழுத்தில் அவர் பெயர் ‘பெர்னாண்டஸ்’. தமிழில் பர்னாந்து. மகனும் தகப்பனும் தமிழில் ஒன்றாகிவிட்டார்கள், அவருக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. தூத்துக்குடிக்காரர்கள் இன்றும் பர்னாந்து என்றுதான் சொல்கிறார்கள். அவர் சிலையின் கீழே நின்றுகொண்டு அதைக் கொச்சை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் மன்னார், நீர்கொழும்பு, மொறட்டுவைக் கரைகளிலும் அதே போர்த்துகேயர், அதே பெயர்கள். பிறகு பௌத்தத்துக்குத் திரும்பிய குடும்பங்களும் பெயரை விடவில்லை. சிங்களத்தில் அதை எப்படி எழுதுகிறார்கள் தெரியுமா? ‘ப்ரனாந்து’. ஃப போய்ப் ப, தகர வரிசை, கடைசியில் உகரம். ரகரம் ஓரெழுத்து முன்னால் நகர்ந்தது தவிர அப்படியே நம் பர்னாந்து. மன்னார் வளைகுடாவின் இரு கரையில், இரண்டு வேறு மொழிகள் தனித்தனியாகக் கேட்டு ஒரே விதமாகச் சொல்கின்றன என்றால், அதைக் கொச்சை என்று எப்படித் தள்ளுவது?

ஆனால் கிரிக்கெட் அட்டையில் எல்லாரும் ஆங்கிலப் பெர்னாண்டோக்கள். 1975-இல் நடந்த முதல் உலகக் கோப்பையில் இலங்கைக்கு ஆடிப் பிறகு வர்ணனையாளராகக் குரல் கொடுத்த ரஞ்சித் பெர்னாண்டோ. 40 டெஸ்டுகளில் சரியாக 100 விக்கெட் எடுத்த வேகப்பந்து வீச்சாளர் தில்ஹார பெர்னாண்டோ. இரண்டு விரலை அகல விரித்துப் பந்தைப் பிடித்து அவர் போட்ட மெதுபந்து, பேஸ்பால்காரர்களின் ‘ஸ்பிளிட்டர்’ பிடிதான். எனக்குப் பிடித்தது விஷ்வ பெர்னாண்டோவின் கணக்கு. 2019 பிப்ரவரி, டர்பன். 304 ஓட்டம் தேவை, 226-க்கு 9 விக்கெட். கடைசி ஆளாக வந்து 27 பந்துகளை நின்று சந்தித்து வெறும் 6 ஓட்டம் எடுத்தார். மறுமுனையில் குசல் பெரேரா 153. இலங்கை ஒரு விக்கெட்டில் வென்றது. ட்ரம்ப் கார்டு ஆட்டத்தில் ‘6’ என்பது தோற்கிற எண். இந்தப் பெர்னாண்டோக்களின் உண்மையான வீட்டுப்பெயர் முன்னால் இனிஷியலாகச் சுருங்கி நிற்கிறது. தில்ஹாரவின் ‘சி’ கொங்கேனிகே என்ற வீட்டுப்பெயர். சொந்தப் பெயர் ஓர் எழுத்தாகி, வந்த பெயர் முழுநீளத்தில் அச்சாகிறது.

வாலென்சுவேலாவின் அட்டைகளுக்குப் பின்புறம் ஆண்டுக்கு ஒரு வரி கூடிக்கொண்டே போனது. 1986-இல் 21 வெற்றிகள். 1990 ஜூன் 29 அன்று செயின்ட் லூயிஸ் அணிக்கு ஓர் அடிகூடக் கொடுக்காத ஆட்டம். மறு ஆண்டே டாட்ஜர்ஸ் அவரைக் கழற்றிவிட்டது. அட்டைகளின் பின்புறத்தில் இதற்குக் காரணம் அச்சிடுவதில்லை. அணி அணியாக மாறி 1997-இல் 173 வெற்றியோடு ஓய்ந்தார். 2023-இல் அவருடைய 34-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அதே அணி அறிவித்தது. 2024 அக்டோபர் 22 அன்று, 63 வயதில் காலமானார். எட்டு நாள் கழித்து, சீருடையில் 34 என்ற எண்ணைக் குத்திக்கொண்டு ஆடிய டாட்ஜர்ஸ் கோப்பையை வென்றது.

வென்ற அந்த அணியில் போர்ட்டோ ரிக்கோக்காரர் ஒருவர் இருந்தார், என்ரிக்கே எர்னாண்டஸ். பழைய ஸ்பானிய மொழியில் சொல்முதல் ஃப ஒலி தேய்ந்து ஹகரமாகி, பிறகு அதுவும் மறைந்தது. ஆகவே எர்னாண்டஸ் என்பது பெர்னாண்டஸ்தான், பெர்னாண்டோவின் மகன். என்ரிக்கே என்பது போர்த்துகேயத்தில் என்ரிக். புன்னைக்காயலில் வாழ்ந்து 1600-இல் மறைந்த, 1578-இல் ‘தம்பிரான் வணக்க’த்தையும் 1586-இல் புனிதர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைச் சேர்த்த ‘அடியார் வரலாற்றை’யும் தமிழில் அச்சேற்றிய யேசு சபைத் துறவியின் பெயர் என்ரிக் என்ரிகஸ். நம்மூரார் அவரை அண்டிரிக் அடிகளார் ஆக்கினார்கள் (இந்த டகரம் வேறு கதை, ன-வும் ர-வும் உரசியதில் முளைத்தது). ஆக டாட்ஜர்ஸ் அட்டையில் என்ரிக்கே எர்னாண்டஸ் என்று இருப்பதைப் புன்னைக்காயல் கணக்கில் எழுதினால், அண்டிரிக் பர்னாந்து.