குருதிக்கூட்டமும் சிறுநீரகக் கிருமியும்

ஒரு கிருமியின் கொடுமை அதனிடத்தே மட்டும் உள்ளதா, அன்றி அது புகும் உடலையும் பொறுத்ததா என்னும் வினா மருத்துவ வரலாற்றில் பழமையானது. சிறுநீரக நோயையும் குருதிக்கூட்டத்தையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தமையால் அதற்குத் தெளிவான ஒரு விடை கிடைத்தது.

1885 இல் தியடோர் எஷரிக் என்னும் செருமானிய மருத்துவர் குழந்தைகளின் மலத்திலிருந்து ஒரு பற்றீரியத்தைப் பிரித்தறிந்தார். இன்று எஷரிக்கியா கோலை என அவர் பெயரால் வழங்கும் அது, மக்கள் குடலிற் பெரும்பாலும் தீங்கின்றி வாழ்வது. ஆயினும் சிறுநீர்வழித் தொற்றுக்களுட் பெரும்பாலானவற்றுக்குக் காரணமும் அதுவே. சிலரிடத்து அது சிறுநீர்ப்பையளவில் நின்றுவிடுகிறது. வேறு சிலரிடத்தோ மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்கிக் கடுங்காய்ச்சலை விளைவிக்கிறது. சிறுவரின் சிறுநீரகத்தில் அது ஆறாத தழும்பையும் விட்டுச் செல்லக்கூடும்.

இவ்வேறுபாட்டை விளக்க உதவிய அறிவு வேறொரு துறையில் முன்னரே தோன்றியிருந்தது. குருதிக்கூட்டங்களை 1901 இல் வகுத்துக் காட்டிய லான்ட்ஸ்டைனர், 1927 இல் லெவின் என்பாருடன் சேர்ந்து, மனிதச் செங்குழியங்களை முயல்களுக்கு ஏற்றி எம், என், பி என மேலும் சில கூறுகளைக் கண்டார். இங்குப் பி என்றது ஆங்கில நெடுங்கணக்கில் ஓவினை அடுத்து வரும் எழுத்தை.

1980 ஆம் ஆண்டளவில் சுவீடனில் இரு குழுவினர் இவ்விரு துறைகளையும் இணைத்தனர். ஸ்ரொக்கோமிற் கெலேனியஸ் குழுவினரும், கொதென்பேர்க்கில் லெஃப்லர், ஸ்வான்போர்க் ஆகியோரும் கண்ட உண்மை இது: சிறுநீரகத்தைத் தாக்கும் கிருமிகள் பலவற்றின் மேல் நுண்மயிர்கள் உள, அவற்றின் நுனி, பி கூட்டத்துக்குரிய பொருள்களில் அமைந்த இரட்டைக் கலக்ரோசு வெல்லத்தைப் பற்றிக்கொள்கிறது. அப்பொருள்கள் செங்குழியங்களில் மட்டுமன்றிச் சிறுநீர்வழிக் கலங்களிலும் உண்டு. ஆதலால் சிறுநீரோட்டம் அடித்துச் செல்லாதவாறு கிருமி அங்கே நிலைகொள்கிறது. அவற்றைப் பிறப்பிலேயே பெறாத மிகச் சிலரின் செங்குழியங்களிலோ அந்நுண்மயிர்கள் பற்றுவதில்லை.

1983 இல் வெளியான கொதென்பேர்க் ஆய்வாளரின் ஆய்வு இதனை மேலும் தெளிவாக்கிற்று. மீண்டும் மீண்டும் சிறுநீரகத் தொற்றுற்ற சிறுமியருள், சிறுநீர் பின்னோக்கிப் பாயும் குறையில்லாதார் ஏறக்குறைய அனைவரும் பி-ஒன்று வகையினர். நலமுள்ளோரிலோ நான்கில் மூவரே அவ்வகையினர். பின்பாய்ச்சல் உள்ள சிறுமியரிடத்து இவ்வேறுபாடு தெளிவாகக் காணப்படவில்லை. வழியே பழுதுற்றவிடத்துக் கிருமி மேலேறப் பற்றுக்கோடு வேண்டுவதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

எனவே கிருமியின் கொடுமை என்பது கிருமிக்கும் உடலுக்கும் இடையிலான ஓர் உறவே. எனினும் குருதிக்கூட்டத்தைத் தலைவிதியாகக் கொள்ளுதல் பிழை. பி-ஒன்று வகையினருட் பெரும்பாலோர் இந்நோயை ஒருபோதும் காண்பதில்லை. பிறப்பால் வந்த குருதியை மாற்றுதல் இயலாது. போதிய நீர் பருகுதலும், சிறுநீரை அடக்காதிருத்தலும், காய்ச்சல் கண்டவுடன் மருத்துவரை நாடுதலும் எவர்க்கும் இயல்வன. பாலாவி உப்பளங்களின் வெயிலில் நின்று உழைப்பார்க்கு இக்கடைப்பிடி இன்னும் இன்றியமையாதது.