இசைவிழாக்களும் இரசிகர் சுவையும்

இசைவிழா நடத்துவோர் எந்நாட்டவராயினும் ஒரு வினாவுக்கு விடை கூறியே ஆகவேண்டும். இரசிகர் அறிந்ததையே மீண்டும் அளிப்பதா, அன்றி அவர் அறியாததையும் துணிந்து மேடையேற்றுவதா என்பதே அவ்வினா. முதலாவது வழியில் மண்டபம் நிறையும். இரண்டாவது வழியில் ஆசனங்கள் வெறுமையாய்க் கிடக்கலாம். 'சனங்கள் கேட்பதையே நாங்கள் கொடுக்கிறோம்' என்று சபையினர் கூறுவது இதனாலேதான். இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மையானது என்பதைச் சென்னை இசைவிழாவின் வரலாற்றை உரைகல்லாகக் கொண்டு நோக்குவோம்.

1855 இல் தஞ்சை மன்னர் சிவாஜி மறைந்ததும், ஆண்வாரிசு இல்லை எனக் காரணங்காட்டி ஆங்கிலேயர் அவ்வரசைத் தமதாக்கிக்கொண்டனர். அரண்மனையையும் கோயிலையும் நிலவுடைமையாளரையும் நம்பி வாழ்ந்த கலைஞர் பலர் காலப்போக்கிற் சென்னையை நாடினர். அங்கே வழக்கறிஞரும் உத்தியோகத்தரும் வணிகரும் அடங்கிய புதிய மத்தியதர வர்க்கம் சபைகளை அமைத்து, நுழைவுச்சீட்டு விற்று, கலையைப் போஷிக்கத் தொடங்கியது. 1927 டிசெம்பரிற் சென்னையிற் காங்கிரஸ் மகாசபை கூடியபொழுது உடன் நிகழ்ந்த அகில இந்திய இசை மாநாட்டின் விளைவாக, 1928 இல் சங்கீத வித்வத் சபை தோன்றியது. 1929 தொடக்கம் அதன் ஆண்டு மாநாடுகள் நடைபெறலாயின. மன்னன் இருந்த இடத்திற் சீட்டு வாங்குவோன் அமர்ந்தான். அவனுடைய சுவையே நிகழ்ச்சி நிரலின் அளவுகோலாயிற்று.

ஆனால் அச்சுவை வானத்திலிருந்து விழுந்ததன்று. ஓர் இராகத்தையும் ஒரு பல்லவியையும் மணிக்கணக்காக விரிக்கும் பழைய முறையை விடுத்து, வர்ணத்தில் தொடங்கி, பல கீர்த்தனைகளைப் பாடி, பல்லவியை அளவோடு அமைத்து, துக்கடாக்களுடன் முடிக்கும் கச்சேரி முறையை நிலைபெறச் செய்தவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் என்பர். அலுவலகம் முடிந்து மாலையில் வரும் நகரத்து இரசிகனுக்கு அது பொருந்தியது. அன்று அது துணிகரமான மாற்றம். பின்வந்தோர்க்கு அதுவே மீறலாகாத சம்பிரதாயம். சம்பிரதாயம் எனப் போற்றப்படுவது பெரும்பாலும் நேற்றைய புதுமையே.

இவ்வுண்மையை இன்னும் தெளிவாக உணர்த்துவது சதிராட்டத்தின் வரலாறு. 1931 மார்ச் மாதத்திலே, திருவாளப்புத்தூர்க் கல்யாணியின் புதல்வியர் இருவரின் ஆட்டத்தை வித்வத் சபை நிகழ்த்தியது. வந்தோர் மிகச் சிலரே. தேவதாசியர் மரபிற்குரிய ஆடலைக் கண்ணியமுள்ளோர் காணலாமா என்ற தயக்கம் மண்டபத்தை வெறுமையாக்கிற்று. 1932 இன் இறுதியில் இது குறித்துப் பத்திரிகைகளிலே பெரும் விவாதம் மூண்டது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஒரு பக்கம். கலையைக் காக்கவேண்டும் என்று வாதாடிய ஈ. கிருஷ்ண ஐயர் மறுபக்கம். 1933 ஜனவரி முதலாம் நாள் அதே சகோதரியர் அதே சபையில் மீண்டும் ஆடினர். இம்முறை மண்டபம் நிறைந்தது.

இரண்டு ஆண்டுகளுக்குள் ஆட்டம் மாறவில்லை, ஆடியோர் மாறவில்லை. மாறியது மக்களின் நோக்கு. அதை மாற்றியது வெளிப்படையான விவாதம். 1931 இன் வெற்று ஆசனங்களைக் காட்டி, 'சனங்கள் விரும்பவில்லை' என்று சபையினர் கைவிட்டிருந்தால், அடுத்த நிகழ்ச்சி நடந்திராது. இரசிகர் சுவை என்பது ஏற்கெனவே முடிவான தீர்ப்பன்று. அது உருவாக்கப்படுவது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

எனினும், கதை இவ்விடத்தில் முடிவதில்லை. ஆடல் 'பரதநாட்டியம்' என்ற புதுப்பெயருடன் மதிப்புப் பெற்றது. உயர்சாதிக் குடும்பத்துப் பெண்கள் அதனைக் கற்றனர். ஆனால் அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த மகளிருள் பாலசரசுவதி போன்ற சிலரைத் தவிர ஏனையோர் மேடையிலிருந்து மறைந்தனர். 1947 இற் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய தேவதாசி ஒழிப்புச் சட்டம் நியாயமானதே. ஆனால் கலையை ஏற்ற சமுதாயம் கலைஞரை ஏற்கவில்லை. கலை புகுந்த வாயிலிற் கலைஞர் புகாவிடின், அந்தத் துணிவு அரைத் துணிவே.

தமிழிசை இயக்கம் இரண்டாவது பாடம். 1941 ஓகஸ்டில் அண்ணாமலைநகரிற் கூடிய மாநாடு, கச்சேரிகளிலே தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டுமென்றது. இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பொருளுதவினார். கல்கியும் இரசிகமணி டி. கே. சி.யும் இராஜாஜியும் ஆதரித்தனர். வித்வத் சபையோ அவ்வாண்டு இறுதியில், இசையின் உயர்தரத்தைக் காப்பதே முதன்மை, மொழியை முன்வைத்து அத்தரத்தைக் குறைத்தலாகாது என்னும் கருத்துப்படத் தீர்மானித்தது.

'தரம்' என்ற சொல் ஆற்றிய பணியைக் கவனித்தல் வேண்டும். முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் மாரிமுத்தாப்பிள்ளையும் தியாகராசருக்கு முன்னரே தமிழில் இசைப்பாடல் இயற்றியவர். அவர்தம் பாடல்கள் பலவற்றின் மூலமெட்டுக்கள் மறைந்தன. பாடப்படாமையால் மெட்டு மறைந்தது. மெட்டு இல்லாமையாற் கச்சேரிக்கு ஏற்றதன்று எனப்பட்டது. ஏற்றதன்று எனப்பட்டதால் மேலும் பாடப்படவில்லை. பாதுகாப்பான நிரல் தன்னைத்தானே நியாயப்படுத்திக்கொள்ளும் விதம் இதுவே. இவ்வளையத்தை உடைப்பதற்குப் புலமையும் வேண்டும். நமது காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947 இல் வெளியிட்ட யாழ் நூல் அத்தகைய முயற்சி. 1943 இல் தோன்றிய தமிழிசைச் சங்கம் தனி விழா நடத்தியதோடு, 1949 தொடக்கம் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களையும் கூட்டியது.

ஆயினும் தமிழிசைக்குக் கொடைநல்கிய நகரத்தாரின் மூலதனம் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டியாற் பெருகியது என்பதை நாம் மறத்தலாகாது. மொழியின் கதவு திறந்தது. வர்க்கத்தின் கதவு திறந்ததா? கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம், தில்லையைக் காணத் துடித்த பண்ணைக் கூலியாளின் கதை. அதனைக் கேட்டு உருகிய மண்டபங்களில் அக்கூலியாளின் பேரனுக்கு ஓர் ஆசனம் இருந்ததா?

பெண்கள் நிலையும் இவ்வாறே. பல்லவி ஆடவர்க்கே உரியது எனக் கருதப்பட்ட காலத்தில் டி. கே. பட்டம்மாள் அதனை மேடையிற் பாடிப் புகழ்பெற்றார். ஆயினும் வித்வத் சபையின் மாநாட்டுக்கு ஒரு பெண் முதன்முதல் தலைமை தாங்கியது 1968 இலேயே, அவர் எம். எஸ். சுப்புலட்சுமி. 1929 இலிருந்து கணக்கிட்டால் 39 ஆண்டுகள்! 2015 இல் ஊரூர் ஆல்காட் குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பிற்கு இசைவிழாவைக் கொண்டுசென்றோருள் ஒருவர் டி. எம். கிருஷ்ணா. 2024 இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அறிவிக்கப்பட்டபொழுது இசைவாணர் சிலர் அவ்வாண்டு விழாவிலிருந்து விலகினர். வாயில் யாருக்குத் திறப்பது என்ற பூசல் இன்னும் ஓயவில்லை.

சபைகளுக்கும் செலவுண்டு, மண்டப வாடகையும் கலைஞர் ஊதியமும் கொடுத்தாகவேண்டும் என்பர். மறுக்கவில்லை. ஆனால் 1931 இன் இழப்பு ஒரு மாலைப்பொழுதின் இழப்பே. துணியாதிருந்திருப்பின் இழப்பு ஒரு கலை. புதிய இராகம் ஒன்றை நிரலிற் சேர்ப்பதே துணிவென்று நாம் கருதவில்லை. யாருடைய இசை, யார் பாடுகிறார், யார் கேட்கிறார், பயன் யாரைச் சேருகிறது என்னும் நான்கு வினாக்களே நிரலின் உண்மையான உரைகல்.

இப்பொறுப்பு சபையினருக்கு மட்டும் உரியதன்று. வெற்று ஆசனங்களை நிரப்பியது விவாதம் என்று கண்டோம். விவாதத்திற்குச் செவிகளை ஆயத்தப்படுத்துவது வகுப்பறை. பாடசாலை விழாவுக்குப் பாடல் தெரிவுசெய்யும் ஆசிரியனும் ஒரு நிரலை வகுக்கின்றான். பழகியவற்றை மட்டுமே அவன் தெரிவுசெய்தால், நாளைய சபைகள் 'சனங்கள் விரும்பவில்லை' என்று கூறுவதற்கு அவனும் உடந்தையாகின்றான். மக்களின் சுவையைப் பழிப்பதை விடுத்து, அதனை வளர்க்கும் பணியில் நாம் இறங்குவோமாக.