லங்காவிப் படகு உலா: கடல்வழி உயிரினக் காட்சி

மலேசியாவின் கெடா மாநிலத்தைச் சேர்ந்த லங்காவித் தீவுக்கூட்டத்தில், படகில் சென்று பறவை, விலங்கு, மீன்களைக் காணும் சுற்றுலா. சுங்கைப் பட்டாணி, அலோர் ஸ்டார் பக்கத்துத் தமிழர்கள் பெரும்பாலும் கோலக் கெடாவில் ஃபெரி ஏறிக் குவா நகருக்கு வருவார்கள்.

அந்தமான் கடலில் வடமேற்கே இன்றும் கனன்றுகொண்டிருக்கும் பேரன் தீவைப் போல லங்காவி எரிமலைத் தீவு அன்று. ஆனால் இதன் நடுவே 881 மீட்டர் உயர்ந்து நிற்கும் குனோங் ராயா, பாறைக்குழம்பு நிலத்தடியிலேயே இறுகி உருவான கருங்கல் மலை. மச்சின்சாங் மலையின் மணற்பாறை 50 கோடி ஆண்டுப் பழமையுடையது. கிளிம் ஆற்றோரம் சுண்ணாம்புக் குன்றுகளும் அலையாத்திக் காடும் நெருங்கிக் கிடக்கின்றன. இந்த மூவகை நிலமும் ஒரே இடத்தில் அமைந்ததால்தான் இத்தனை உயிர்கள் இங்கே தங்கின.

மீன்பிடிப்பும் நெல்லுமாக இருந்த தீவு, 1987-இல் சுங்க வரி விலக்குப் பெற்றபின் மாறியது. மீனவர் பலர் படகோட்டிகள் ஆனார்கள். பாயார் தீவுக் கடற்பகுதி 1994-இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே துடுப்பு நுனி கறுத்த சுறாக்குட்டிகள் கரையோர ஆழமற்ற நீருக்கே வந்துவிடும். 2007-இல் லங்காவி, தென்கிழக்காசியாவின் முதல் யுனெஸ்கோ புவிப் பூங்காவானது. கிளிம் உலாவின் பெயரும் அதோடு பரவியது.

கிளிமுக்குப் பேர் வாங்கித் தந்தது கருடன்தான். கோயில் குடமுழுக்கில் கலசத்துக்கு மேலே வட்டமிடுமா என்று நாம் அண்ணாந்து தேடும் அதே பறவை: வெண்தலை, செங்காவி உடல். இங்கே பத்து, இருபது என ஒருசேரப் பறக்கும். நீரில் மிதப்பதைக் காலால் கவ்வி, மேலேறியபடியே குனிந்து கொத்தித் தின்னும். அதைவிடப் பெரிய வெண்வயிற்றுக் கடற்கழுகும் இடையிடையே இறங்கும்.

இந்தக் கூட்டத்தைச் சேர்ப்பதற்காகப் படகோட்டிகள் கோழித்தோலை வீசும் வழக்கம் வளர்ந்தது. இதைக் கைவிடுவதே நல்லது. மீனும் நண்டும் தேடித் தின்ன வேண்டிய பறவைக்குச் சத்தில்லாத கொழுப்பே இரையாகிறது. குஞ்சும் படகை எதிர்பார்க்கப் பழகுகிறது. இயற்கை ஆர்வலர்கள் நெடுநாளாக இதைச் சொல்லிவருகிறார்கள். இரை போடாவிட்டால் பயணிகள் வரமாட்டார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை. 1959-இல் தேசியப் பூங்காவான கலாபகஸ் எரிமலைத் தீவுகளில், உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் பயணிகள் பூங்காவின் பெரும்பாலான இடங்களில் கரையேற முடியாது. எந்த விலங்குக்கும் உணவு தரக் கூடாது. ஆனாலும் உலகெங்கிலுமிருந்து மக்கள் அங்கே போகத்தான் செய்கிறார்கள்.

கிளிமிலும் இரை போடாமலே காண நிறைய உண்டு. நீர் வற்றும் வேளையில் எஞ்சினை அணைத்துக் கரையோரம் நின்றால், சேற்றில் துடுப்பூன்றித் தத்திப்போகும் மீன்கள், ஒற்றைக் கொடுக்கை ஆட்டும் நண்டுகள், அவற்றைப் பிடிக்க இறங்கும் நீள்வால் குரங்குகள், கிளையில் சுருண்டு அசையாமல் கிடக்கும் விரியன் என எல்லாம் கண்ணில் படும். நீர்நாய்க் கூட்டம் குறுக்கே நீந்திப்போவதும் உண்டு. கெலாவார் குகையின் கூரையில் வௌவால்கள் தொங்கும். அங்கே விளக்கைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும்.