தொண்டு நிறுவனப் பதிவு, மட்டாஞ்சேரி

லாப நோக்கமற்ற அமைப்பு சட்டப்படி பதிவுபெற்று, அரசு மானியத்துக்கும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதிக்கும் விண்ணப்பிக்கும் தகுதியை அடையும் நடைமுறை.

வகைகள்: பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த மட்டாஞ்சேரியில் சங்கங்கள் 1955ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சி இலக்கிய, அறிவியல், அறச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவாகின்றன. அறக்கட்டளைப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியப்படுகிறது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவு நிறுவனம் மூன்றாம் வகை.

நிதித் தகுதி: மத்திய அரசு மானியம் கோர நிதி ஆயோக்கின் 'தர்ப்பண்' தள அடையாள எண் தேவை, மானியம் செலவானபின் பயன்பாட்டுச் சான்றிதழ் அளிக்க வேண்டும். கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, சட்டம் குறிக்கும் நிதி வரம்பை எட்டும் நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடுகின்றன. கலை, பண்பாடு, பாரம்பரியப் பாதுகாப்பு இதில் அடங்கும். இந்நிதியைப் பெறும் அமைப்புகள் 2021 ஏப்ரல் முதல் 'சிஎஸ்ஆர்-1' படிவத்தில் பதிய வேண்டும். வருமான வரித்துறைப் பதிவு நன்கொடையாளருக்கும் வரிச்சலுகை தருகிறது.

எடுத்துக்காட்டு: ஓவியர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் 2010இல் தொடங்கிய கொச்சி பினாலே அறக்கட்டளை, கேரள அரசின் நிதியுதவியோடும் தனியார் ஆதரவோடும் முதலாவது கொச்சி-முசிறி பினாலே கலைக் கண்காட்சியை 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கியது. மட்டாஞ்சேரியின் பழைய சரக்குக் கிடங்குகள் அதன் காட்சிக்கூடங்களாகப் பயன்பட்டுள்ளன.