நின்றுபோன புல்லட்டும் திடீர் சத்தமும்: ஒரு பழைய எஞ்சினின் வரலாற்றுக் குறிப்பு

பல வருஷம் கொட்டகையில் நின்ற பழைய புல்லட் 350-ஐ வெளியே எடுத்து, பிளக் துடைத்து, புதுப் பெட்ரோல் ஊற்றி உதைத்தால் பெரும்பாலும் கிளம்பிவிடும். பத்து நிமிஷம் அழகாக ஓடும். அப்புறம் திடீரென்று உள்ளேயிருந்து ஒரு "டக் டக்". மெக்கானிக்கைக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சொல்வது ஒன்றுதான்: "கனெக்டிங் ராடு போச்சு சார், எஞ்சின இறக்கணும்."

சில சமயம் அது சரியாகவே இருக்கும். ஆனால் சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள, இந்த எஞ்சின் எந்தக் காலத்தில், எப்படி யோசிக்கப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும்.

புல்லட் என்ற பெயர் 1932-இல் இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊரில் பிறந்தது. நமக்குத் தெரிந்த வடிவம் 1949-இல் விற்பனைக்கு வந்தது: பின்பக்கம் ஸ்விங் ஆர்ம், 346 சிசி, 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக். இந்திய ராணுவம் வாங்க ஆரம்பித்ததும் 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் ஆலை. முதலில் இங்கிலாந்திலிருந்து உதிரிகளாக வந்ததைப் பூட்டினார்கள், பிறகு படிப்படியாக இங்கேயே செய்தார்கள். 1967-இல் ரெடிட்ச் ஆலை மூடப்பட்டது. தாய் வீடு போன பிறகும் பிள்ளை அதே உடுப்பில் இருந்தது. 1977 வாக்கில் அந்தப் பழைய வடிவத்தையே திரும்ப இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தார்கள்!

ஆக, உங்கள் வண்டியின் ஆர்.சி.யில் 1978 என்று இருக்கலாம். உள்ளே இருக்கும் எஞ்சினியரிங் 1940-களுடையது. இதை மறந்துவிட்டு இன்றைய பைக்குக்கான யோசனைகளை அப்படியே போட்டுப் பார்ப்பதில்தான் நிறைய எஞ்சின்கள் அநியாயமாகப் பிரிக்கப்படுகின்றன.

முதல் உதாரணம், பிக் எண்ட். கனெக்டிங் ராடின் கீழ் முனை கிராங்க்கைப் பிடிக்கும் இடத்தில் பெரும்பாலான சிங்கிள் சிலிண்டர் பைக்குகளில் ரோலர் பேரிங் இருக்கும். பழைய புல்லட்டில் அது கிடையாது. அங்கே ஒரு ஃப்ளோட்டிங் புஷ்: உள்ளும் புறமும் வொயிட் மெட்டல் பூசிய இரும்பு வளையம். ராடுக்கும் கிராங்க் பின்னுக்கும் நடுவே, இரண்டிலும் ஒட்டாமல், எண்ணெய்ப் படலத்தில் மிதந்து தானும் சுற்றும். ஆயில் ஒழுங்காக வரும்வரை மிக அமைதியான ஏற்பாடு. வராவிட்டால் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

இப்போது பொதுவாகச் சொல்லப்படும் சோதனையைப் பாருங்கள். "பழைய ஆயிலை இறக்கி அதில் காந்தத்தை விட்டுப் பார், தூள் ஒட்டினால் பேரிங் போச்சு." ரோலர் பேரிங்குக்கு இது பொருந்தும். வொயிட் மெட்டல் என்பது வெள்ளீயக் கலவை, காந்தத்தில் ஒட்டாது. காந்தம் சுத்தமாக வந்தது என்று நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தால், உள்ளே புஷ் உரிந்துகொண்டிருக்கலாம். வெள்ளைத் துணியில் ஆயிலை வடிகட்டி வெயிலில் பார்க்க வேண்டும். வெள்ளி நிறத்தில் மெல்லிய செதில்கள் இருந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது, ஆயில். தனி டேங்க் இல்லை, கிராங்க் கேஸ் வார்ப்பிலேயே ஓர் அறைதான் டேங்க். வண்டி மாதக்கணக்கில் நிற்கும்போது அங்கிருக்கும் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் இருக்கும் பக்கம் இறங்கிவிடும். குச்சியைப் பார்த்தால் அளவு குறைவாகத் தெரியும். நம்ம ஆள் அரை லிட்டர் மேலே ஊற்றுவார். கிளப்பியதும் ஊரே தெரியாத அளவுக்குப் புகை. அடியில் இருக்கும் பிளக்கைக் கழற்றி, இறங்கியதை முதலில் வடித்துவிட்டு, அப்புறம் புதிதாக அளந்து ஊற்றுவதே முறை. பிறகு இக்னிஷனை அணைத்து, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு முப்பது நாற்பது தடவை மிதிக்கலாம். கால் வலிக்கும், ஆனால் காய்ந்திருக்கும் புஷ்ஷுக்கு அதுதான் முதல் மருந்து.

காரைக்குடிப் பக்கம் ஒரு நண்பர் வீட்டில் இதெல்லாம் செய்த பிறகும் சத்தம் வந்தது. அவர் அப்பா ஓட்டிய வண்டி, ஒன்பது வருஷம் நின்றது, எஞ்சினை யாரும் திறந்ததே இல்லை. "ராடு போச்சு" தீர்ப்பும் வந்துவிட்டது, மறுநாள் இறக்குவதாக ஏற்பாடு. ஒருமுறை கேஸைப் பிளந்து கிராங்க்கைப் பிரித்துவிட்டால், திரும்ப நேராகச் சேர்க்கத் தெரிந்த கைகள் ரொம்பக் குறைவு. அதனால் உடனே அணைக்கச் சொல்லிவிட்டு, அதுவரை போனில் பதிவு செய்திருந்த சத்தத்தை அனுப்பச் சொன்னேன். ஆடியோ மென்பொருளில் அலைவடிவமாக விரித்துப் பார்த்தேன். (ராத்திரி பூரா சர்வர் லாக் பார்க்கிற பழக்கம், வேறென்ன.)

ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது சைலன்சர் ஒரு தடவை "டுக்" என்னும். கேம் ஷாஃப்ட்டும் அந்த அரை வேகத்தில்தான் சுற்றும். ஆகவே ஒரு "டுக்"குக்கு ஒரு "டக்" என்றால் வால்வு, டேப்பட் பக்கம் முதலில் போக வேண்டும். இரண்டு "டக்" என்றால் கிராங்க்கோடு சுற்றும் சமாச்சாரம். இது முழுத் தீர்ப்பு அல்ல. பிஸ்டன் சத்தமும், சில சமயம் பிக் எண்டும், வெடிக்கும் ஸ்ட்ரோக்கில் மட்டும் உரக்கக் கேட்கும். எங்கே முதலில் ஸ்பேனர் வைப்பது என்பதை மட்டும் இது சொல்லும்.

நண்பரின் பதிவில் ஒன்றுக்கு ஒன்று. மறுநாள் காலை, குளிர்ந்த எஞ்சினில், சத்தமே இல்லை. மறுபடி பத்து நிமிஷத்தில் வந்தது. அணைத்த கையோடு, பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, பக்கவாட்டுச் சின்ன மூடியைத் திறந்து புஷ் ராடுகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். புல்லட்டில் குளிர்ந்திருக்கும்போது புஷ் ராடு விரலால் சுற்றவேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. சூட்டில் கொஞ்சம் ஆட்டம் வருவது இயல்பு, எனவே இரண்டையும் ஒப்பிட வேண்டும். இன்லெட் சரியாக இருந்தது. எக்ஸாஸ்ட் ராடு கடகடவென்று ஆடியது. உதைத்தால் கம்ப்ரஷனும் மெத்தென்று.

துருவும் கரியும் பிடித்த கைடில், சூடானதும் பெருத்த எக்ஸாஸ்ட் வால்வு முழுசாக மூடாமல் சிக்கிக்கொண்டிருந்தது. அது விட்ட இடைவெளியில்தான் புஷ் ராடு அடித்தது. ஹெட்டை மட்டும் கழற்றி, கைடைச் சுத்தம் செய்து, வால்வைக் கிரைண்ட் செய்து போட்டார்கள். கிராங்க் கேஸ் இன்றுவரை திறக்கப்படவில்லை.

எண்ணிக்கை ஒன்றுக்கு இரண்டு என்று வந்தாலும்கூட உடனே கேஸைப் பிளக்க வேண்டியதில்லை. கிராங்க்கின் இடது முனையில், பிரைமரி செயின் மூடிக்குள், ஆல்டர்னேட்டர் ரோட்டர் இருக்கும். அதன் நட்டு தளர்ந்தால் வரும் தட்டலுக்கும் பிக் எண்ட் சத்தத்துக்கும் காதால் வித்தியாசம் காண்பது கஷ்டம். அதைப் பார்க்க ஒரு மூடியைத் திறந்தால் போதும். வலது பக்கம் டைமிங் கவரில், ஆயில் கிராங்க்குக்குள் நுழையும் இடத்தில், பழைய எஞ்சின்களில் ஒரு கார்க் வளையம் சீலாக இருக்கும். நின்ற வண்டியில் அது காய்ந்து சுருங்கும். அப்போது ஆயில் புஷ்ஷுக்குப் போகாமல் வழியிலேயே கசிந்துவிடும். ஹெட்டுக்குப் போகும் மெல்லிய குழாயில் ஆயில் வருகிறது என்பதை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, பம்ப் வேலை செய்கிறது என்று மட்டுமே அது சொல்லும். கவரைக் கழற்றியே ஆகவேண்டும். சில ரூபாய் கார்க், மாற்ற ஒரு மணி நேரம். ஒன்பது வருஷம் நின்ற வண்டி என்றால், சத்தம் வந்தாலும் வராவிட்டாலும், முதல் உதைக்கு முன்பே அதை மாற்றிவிடுவேன்.