ஷெரி பிறந்த ஊர்: ஹெரெஸ்

ஹெரெஸ் தென் ஸ்பெயினில், காதிஸ் மாகாணத்தில் உள்ள வைன் நகரம். அரபு ஆட்சியில் அதன் பெயர் ஷெரிஷ். ஆங்கிலேயர் வாயில் அதுவே 'ஷெரி' ஆகி, நத்தார் காலத்தில் இலண்டன் வீடுகளில் ஊற்றப்படும் வைனுக்குப் பெயரானது. 1264இல் பத்தாம் அல்ஃபொன்சோ நகரைக் கைப்பற்றினார். ஆனாலும் அல்காசர் கோட்டையும் அதனுள்ளிருந்த பள்ளிவாசலும் இன்றும் நிற்கின்றன.

இலண்டனுக்கும் இவ்வூருக்கும் பழைய கணக்கு உண்டு. 1587இல் காதிஸைத் தாக்கிய பிரான்சிஸ் டிரேக், ஏறக்குறைய 2,900 பீப்பாய் ஷெரியை அள்ளிக்கொண்டு வந்தார். கொள்ளைப் பொருள்தான் இங்கே அதை நாகரிகமாக்கியது.

அகதிப் பயண ஆவணத்தோடு இருந்த ஆண்டுகளில் எங்கள் பயணமெல்லாம் கல்யாணவீடும் செத்தவீடும்தான். ஐரோப்பா என்றால் பாரிஸ் லாச்சப்பல். ஐம்பது தாண்டிய பிறகுதான், யாரும் அழைக்காத ஓர் ஊருக்கு நானும் மனைவியும் போனோம்.

நான் குடிப்பதில்லை. ஆனால் போதேகா எனப்படும் வைன் கிடங்கைக் கணக்காளர் எவரும் தவறவிடக் கூடாது. 1835இல் தொடங்கிய கொன்சாலெஸ் பயஸ் உட்படப் பல கிடங்குகள் கட்டணம் பெற்றுச் சுற்றிக் காட்டுகின்றன. பீப்பாய்கள் வரிசைமேல் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். அடிவரிசைதான் சொலேரா. விற்பனைக்கு அதிலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுப்பார்கள். குறைந்ததை மேல்வரிசையிலிருந்து நிரப்புவார்கள். உச்சியில் புது வைன் சேரும். 'முதலில் வந்தது முதலில் வெளியேறும்' என்று நாங்கள் படித்த இருப்புக்கணக்கு இங்கே செல்லாது. எந்தப் பீப்பாயும் முழுதாகக் காலியாவதில்லை; ஆகவே பழையதில் ஒரு துளியேனும் உள்ளே தங்கிவிடுகிறது. பெரும்பாலான போத்தல்களில் ஆண்டு இல்லாததற்குக் காரணம் இதுவே. ஆவியாகிப் போவதை வழமையான நட்டமாக எழுதிக்கொள்ளலாம்.

சாப்பாட்டில், கடலை மாவில் பொடி இறால் கலந்து பொரிக்கும் தொர்தில்லீத்தாஸ் எங்கள் இறால் வடைக்குத் தம்பி முறை. வைனைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு பயன்பட்டது. மிஞ்சிய மஞ்சட்கருவைக் கன்னியர் மடங்களுக்குக் கொடுக்க, அங்கே தொசீனோ தெ சியெலோ என்ற இனிப்பு பிறந்ததாகச் சொல்வார்கள். பார்வைக்கு வட்டிலப்பம், தேங்காய்ப்பால் கிடையாது, சீனி தாராளம். பெர்சா என்ற கடலைக் குழம்பில் பன்றி இறைச்சி சேரும்; சைவர்கள் கேட்டுச் சாப்பிடவும்.

செவில்லில் இறங்கினால் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணிநேரம். பிற்பகலில் கடைகள் பூட்டியிருக்கும். குதிரைத் திருவிழா மே மாதத்தில் நடக்கும்; அறை விலையும் அப்போது ஏறும். பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரர் 180 நாட்களில் 90 நாட்கள் தங்கலாம். இன்னும் பயண ஆவணத்தில் இருப்பவர்கள், விமானச்சீட்டு எடுக்கமுன் விசாவைத் தூதரகத்தில் விசாரிக்கவும்.